கிரீடத்தைப் பாக்காத, காலைப் பாரு

எய்யா, கணக்குப் பரீட்சையில முட்டை வாங்குறதுக்குச் சுருக்குவழி ஒண்ணு இருக்கு. கேள்வியைப் படிக்காத. படிச்சாத்தான யோசிக்கணும்? கேள்வியில கிடக்க நம்பரை மட்டும் பொறுக்கு. மனப்பாடம் பண்ணி வச்சிருக்க சூத்திரத்துல ஏதாவது ஒண்ணுக்குள்ள அதைத் திணி. என்ன வருதோ அதுக்கு அடியில ரெண்டு கோடு இழு. பிறகு எங்கிட்ட வந்து, "தாத்தா, விடை மைனஸ் மூணுன்னு வருது, சரியா?"ன்னு கேளு. கேள்வி என்னது? களை எடுக்க எத்தனை ஆள் வேணும்ங்கிறது. மைனஸ் மூணு ஆளுன்னா, மூணு பேர் வந்து நமக்குக் கூலி கொடுத்துட்டுப் போவாங்களோ? அப்படி ஆள் எங்கயும் கிடைச்சா எனக்கும் சொல்லி விடுய்யா, கொல்லையில வேலை கிடக்கு.

உன் டியூசன் சாரை நான் குத்தம் சொல்லல. அவரு பொழப்பு அவருக்கு. விகிதம் ஒரு பாடம், வரைபடம் ஒரு பாடம், வகையீடு ஒரு பாடம்னு மூணு நோட்டு போடச் சொல்லுதாரு. மூணுக்கும் அட்டை போட்டு, பேரெழுதி, மயிலிறகு வைக்காத குறையா நீயும் வச்சிருக்கே. அதனாலதான் ஒரு கணக்கைக் கண்டதும் உன் வாயில முதல்ல வருது, "இது எந்தப் பாடத்துக் கணக்கு?" கணக்கு என்ன, ஊரு பேரை நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா வரும்? நான் எட்டாப்போட கொத்துக்கரண்டியைக் கையில எடுத்தவன். சாரத்து மேலயே பாதி ஆயுசு போச்சு. எனக்குத் தெரிஞ்சு இந்த மூணும் ஒரே கூத்தாடிதான். ஆறாப்புல வேட்டி கட்டி விகிதம்னு வாரான். பத்தாப்புல கட்டம் போட்ட சேலை சுத்தி வரைபடம்னு வாரான். பன்னெண்டாப்புல கிரீடம் வச்சு வகையீடுன்னு வந்து மிரட்டுதான். நீ கிரீடத்தைப் பாத்து அலறுதே. காலைப் பாருலே, மூணு வேசத்துக்கும் அதே காலு.

விகிதத்துல இருந்தே வா. 1:2:4 கலவை. சிமெண்ட் ஒண்ணு, மணல் ரெண்டு, ஜல்லி நாலு. இதுல சிமெண்ட் எத்தனைல எத்தனைன்னு கேட்டா, ஜல்லியைப் பாத்து "நாலுல ஒண்ணு"ங்கே. மணலைப் பாத்தா "பாதி"ங்கே. ஏலே, மொத்தத்துக்கும்லா கேட்டேன்? மூணையும் கூட்டு, ஏழு. ஏழுல ஒண்ணு. எவனுக்கு எவன் பங்குன்னு கேக்காம பாகம் பிரிச்சா வீடும் நிக்காது, விடையும் நிக்காது.

சரி, இன்னொண்ணு கேக்கேன். இதே அளவுல ஏழு சட்டி சாமான் கொட்டுதோம். தண்ணி ஊத்திக் கலக்கினா எத்தனை சட்டி கலவை வரும்? "ஏழு"ங்கே, பட்டுனு. வராதுய்யா. நாலரைச் சட்டி தேறினாப் பெருசு. ஜல்லிக்கு இடையில இருக்க சந்துல மணல் போய் உக்காரும். மணலுக்கு இடையில இருக்க சந்துல சிமெண்ட் போய் உக்காரும். அதனாலதான் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 1.54 கன மீட்டர் உலர்ந்த சாமான் வேணும்னு இன்ஜினியருங்க கணக்கு எழுதிக் கொடுப்பாங்க. ஏழை 1.54 ஆல வகுத்துப் பாரு, நாலரை வருதா? "அப்பம் புத்தகம் பொய்யா தாத்தா?"ன்னு முழிக்காத. ஏழுல ஒரு பங்கு சிமெண்ட்டுன்னு புத்தகம் சொன்னது சத்தியம். கொட்டுனது அத்தனையும் அளவு குறையாம மேல வரும்ங்கிறது நீயா சேத்துக்கிட்ட வரி.

எதிர்மாறலுக்கும் இதே கதைதான். 6 பேரு 30 நாள்ல வெட்டுற கிணத்தை 180 பேரு எத்தனை நாள்ல வெட்டுவான்? உன் பேனா ஒரு நாளுன்னு எழுதிட்டு மூடியை மாட்டிக்கிடும். 180 பேரும் கிணத்துக்குள்ள எங்கனலே நிப்பான்? ஒருத்தன் மம்பட்டியை ஓங்குனா பத்து பேரு ஆஸ்பத்திரிக்குப் போகணும். 12 பேருக்கு 15 நாளுன்னா நான் ஒத்துக்கிடுதேன். ஆளையும் நாளையும் பெருக்கினா 180 ஆள்நாளு, அது மாறாது, அதான் இதுக்கு உள்ள சூட்சுமம். அதை வரைபடத்தாள்ல போட்டா சரிஞ்சு சரிஞ்சு வந்து, அச்சுக்குப் பக்கத்துல போகும், ஆனா தொடாது. எத்தனை ஆளை இறக்கினாலும் பூச்சிய நாள்ல வேலை முடியாதுன்னு அந்தக் கோடே சொல்லுதுல்லா. அதிபரவளையம்னு பேரை மட்டும் பாடமா ஒப்பிச்சுட்டு, அது சொல்லுத சேதியை நீ கேக்கவே இல்ல.

இன்னொரு பழக்கம் உனக்கு. ரெண்டு சமாச்சாரம் சேந்து கூடுச்சுன்னா உடனே நேர்மாறல்னு முத்திரை குத்திருதே. சென்னையில ஆட்டோவுக்கு 2013ல அரசாங்கம் கட்டணம் போட்டுச்சு. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூவா, அதுக்கு மேல கிலோமீட்டருக்கு 12 ரூவா. தூரம் கூடினா ரூவா கூடுது. நேர்மாறலா? 3.8 கிலோமீட்டர் போனா 49 ரூவா. அதுல இருமடங்கு, 7.6 கிலோமீட்டர் போனா? 98ன்னு சொல்ல வாயைத் திறக்கே. போட்டுப் பாரு, 94 ரூவா 60 காசு. தூரம் ரெண்டு மடங்கு ஆச்சு, ரூவா ஆகல. நேர்மாறல்னா கோடு பூச்சியத்துல இருந்து கிளம்பணும். இது 25ல படுத்துக் கிடந்து, பிறகு எந்திரிச்சு ஏறுது. ஏறுத பக்கம் கோட்டோட சாய்வு 12. அந்தச் சாய்வுன்னது என்ன? கூடின ரூவாய்க்கும் கூடின தூரத்துக்கும் உள்ள விகிதம். பாத்தியா, ஆறாப்பு வேட்டிக்காரன் சேலை கட்டி நிக்கான். (இது அரசாங்கக் கட்டணத்துக்கு உள்ள வரைபடம். ரயில் நிலையத்து வாசல்ல நிக்கிற ஆட்டோக்காரர் மனசுல வச்சிருக்க வரைபடத்துக்கு அளவுத்திட்டமும் கிடையாது, அச்சும் கிடையாது.)

அளவுத்திட்டம்னதும் ஞாபகம் வருது. வரைபடத்தாள்ல மூலையில அதை எழுதணும்னு பத்தாப்புல தலைதலையா அடிச்சுச் சொல்லிக் கொடுத்தாங்க. நீ எழுத மாட்டே. ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலகுன்னு சொல்லாம கோடு போட்டா, அதைப் பாத்து மாளிகையும் கட்டலாம், மாட்டுத் தொழுவும் கட்டலாம். பிளான்ல அளவு போடாம வந்த வீட்டுக்காரரை நான் திண்ணையிலயே உக்கார வச்சுத் திருப்பி அனுப்பிருக்கேன். வாத்தியார் உன்னைய உள்ள விட்டு மார்க்கை மட்டும் குறைக்காரு, நல்ல மனுசன்.

இப்பம் ஆட்டுக்கு ஒரு பட்டி போடணும். 40 மீட்டர் கம்பிவலை கிடக்கு. ஒரு பக்கம் வீட்டுப் பின்சுவரு, அதுக்கு வலை வேண்டாம். மீதி மூணு பக்கத்துக்கும் வலை. சுவத்துல இருந்து வெளிய வார பக்கம் ஒவ்வொண்ணும் x மீட்டர்னா, சுவத்துக்கு எதிர்ப்பக்கம் 40 கழித்தல் 2x. பரப்பு ரெண்டையும் பெருக்கினது. எந்த x வச்சா ஆட்டுக்கு இடம் ரொம்பக் கிடைக்கும்?

நீ உடனே வகையீட்டு நோட்டைத் தேடி ஓடுதே. நில்லு. சும்மா நம்பரை வச்சுப் பாரு. 5 வச்சா 150 சதுர மீட்டர். 8 வச்சா 192. 10 வச்சா 200. 12 வச்சா திரும்பவும் 192. 15 வச்சா 150. புள்ளி வை, ஒரு மேடு தெரியும். இங்கன ஒரு சங்கதி. போன மாசம் இதே மாதிரி ஒண்ணுக்கு நீ புள்ளிகளை அடிமட்டம் வச்சு இழுத்துக் கோத்திருந்தே. ரம்பத்துப் பல்லு கணக்கா இருந்துச்சு. அது பரவளையம்லே, கையால வளைச்சு இழு. ஆட்டுப்பட்டியோட பரப்பு ஒரு நம்பர்ல இருந்து இன்னொரு நம்பருக்குத் தாவிக் குதிக்காது.

அந்த மேட்டுல இப்பம் பைய நட. 3ல இருந்து 4க்குப் போனா பரப்பு 102ல இருந்து 128, ஒரே எட்டுல 26 கூடுது. செங்குத்தா ஏறுதே. 9ல இருந்து 10க்குப் போனா 198ல இருந்து 200, ரெண்டுதான். மூச்சு வாங்கல. 10ல இருந்து 11க்குப் போனா 198, இறங்க ஆரம்பிச்சுட்டே. அப்பம் 10ல என்ன நடக்கு? ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல, தரை சமமா இருக்கு. ரசமட்டம் வச்சாக் குமிழி நடுவுல நிக்கும். இதைத்தான் உன் நோட்டுல 40 − 4x = 0ன்னு எழுதி, x = 10ன்னு கண்டுபிடிக்கே. கூடுன பரப்புக்கும் கூடுன நீளத்துக்கும் உள்ள விகிதம் அந்த இடத்துல பூச்சியம். கிரீடத்துக்குக் கீழ அதே காலு தெரியுதா இல்லியா?

சமமா இருக்க இடம் எல்லாம் உச்சின்னும் நினைச்சுக்கிடாத. குழிக்கு அடியிலயும் தரை சமமாத்தான் இருக்கும். அதுக்குத்தான் இன்னொரு தடவை வகையிட்டுப் பாருன்னு சாரு கெஞ்சுதாரு. இங்க மைனஸ் 4 வருது, மேடுதான். இந்த ஒரு வரியை எழுதாம விட்டுட்டு, "விடை சரியாத்தான இருக்கு, எதுக்கு மார்க்கு குறைச்சாங்க"ன்னு வீட்டுல வந்து சாமியாடுதே.

dy/dxன்னு எழுதுதேல்லா, அது யாரு கையெழுத்து தெரியுமா? ஜெர்மனிக்காரர் லைப்னிட்ஸோடது. 1684ல அச்சுல போட்டாரு. இங்கிலாந்துல நியூட்டன் அதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சு, ஊருக்குச் சொல்லாம வச்சிருந்தாரு. பிறகு எவன் முதல்னு தகராறு. 1712ல லண்டன் ராயல் சொசைட்டி விசாரணைக்குக் கமிட்டி போட்டுச்சு. அந்தச் சொசைட்டிக்குத் தலைவர் யாரு? 1703ல இருந்து நியூட்டனேதான். தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும்னு கண்டுபிடிக்க வகையீடு வேணுமா? அறிக்கையை எழுதினதுல அவரு கையும் இருந்துச்சு. அது போதாதுன்னு, வெளிவந்த அறிக்கையை மெச்சி, பேரு போடாம ஒரு மதிப்புரையும் அவரே எழுதினாரு. நம்ம ஊருப் பஞ்சாயத்தை நீ நக்கல் பண்ணுவேல்லா, இனிமே யோசிச்சுப் பண்ணு. கடைசியில வழக்குல ஜெயிச்சவரு நியூட்டன், உன் நோட்டுல ஜெயிச்சவரு லைப்னிட்ஸ்.

இவங்க ரெண்டு பேரும் பொறக்கதுக்கு இருநூறு வருசத்துக்கு மேல முன்னாடி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துல சங்கமகிராமத்து மாதவன் வட்டத்தோட சுத்தளவை முடிவே இல்லாத கூட்டல் தொடரா எழுதிட்டுப் போயிட்டாரு. அந்தக் கணக்கு ஏன் சரின்னு காரண காரியத்தோட ஜேஷ்டதேவன் 16ஆம் நூற்றாண்டுல மலையாளத்துல யுக்திபாஷான்னு ஒரு நூலே பண்ணி வச்சாரு. இந்தப் பக்கம் நம்ம காரிநாயனார் கணக்கதிகாரத்துல, அரை விட்டத்தையும் அரைச் சுத்தளவையும் பெருக்கு, வட்டத்தோட பரப்பு வந்துரும்னு வழி சொல்லிருக்காரு. கிணத்து வாய்க்கு நான் அப்படித்தான் பாப்பேன். 6 மீட்டர் விட்டம்னா அரை விட்டம் 3, அரைச் சுத்து 9.42, ரெண்டையும் பெருக்கினா 28 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஏன் சரியா வருதுன்னு கேட்டா, வட்டத்தை நடுவுல இருந்து மெல்லிசு மெல்லிசா ஆப்பு ஆப்பா வெட்டி, ஒண்ணை நிமுத்தி ஒண்ணைக் கவுத்தி அடுக்கு. மெல்லிசாக மெல்லிசாக அது நீளம் அரைச் சுத்து, அகலம் அரை விட்டம்னு ஒரு செவ்வகத்துக்கு வந்துரும். மெல்லிசா வெட்டி அடுக்கிக் கூட்டுறதுக்குத்தான் உன் புத்தகத்துல தொகையீடுன்னு பேரு. நீட்டுன எஸ் எழுத்து மாதிரி ஒண்ணு போடுதியே, அதுவும் லைப்னிட்ஸ் கொடுத்ததுதான்.

இனிமேத்தான் எனக்குப் பிடிச்ச கணக்கு. உன் பிளஸ் டூ புத்தகத்துல 17 மீட்டர் ஏணி ஒண்ணு சுவத்துல சாஞ்சு நிக்கி. அதோட அடியை எவனோ நொடிக்கு 5 மீட்டர் வேகத்துல வெளிய இழுக்கான். அடி சுவத்துல இருந்து 8 மீட்டர் தள்ளி இருக்கும்போது தலை என்ன வேகத்துல கீழ இறங்கும்?

எனக்கு முதல்ல வார சந்தேகமே வேற. 17 மீட்டர்னா 55 அடிக்கு மேல, வளந்த தென்னை மரத்து உசரம். தூக்கி நிறுத்தவே நாலு ஆள் வேணும். நொடிக்கு 5 மீட்டர்னா மணிக்கு 18 கிலோமீட்டர். டிவிஎஸ் 50 பின்னால கயித்தைக் கட்டி இழுத்தாத்தான் உண்டு. மேல நிக்கவன் மேல அவனுக்கு அப்படி என்ன கோவம்? சொத்துத் தகராறாத்தான் இருக்கும். அது கிடக்கட்டும். 8 மீட்டர் தள்ளி வச்சவனே கொத்தனார் கிடையாது. நாலு உசரத்துக்கு ஒண்ணு தள்ளி வைக்கணும், அதான் ஏணி வைக்கிற விகிதம். 16 மீட்டர் உசரத்துக்கு ஏறணும்னா அடி 4 மீட்டர் தள்ளி. இவன் 15 உசரத்துக்கு 8 தள்ளி வச்சிருக்கான். எவனும் இழுக்காமலே வழுக்கும்.

15 எப்படி வந்துச்சுன்னு கேக்கியா? மூலைமட்டம் பிடிக்க நாங்க 3, 4, 5ன்னு நூல் போடுவோம்லா, அந்த வம்சத்துல வந்ததுதான் 8, 15, 17. 64ம் 225ம் 289. சூத்திரத்தை இப்பம் ஓரமா வச்சுட்டு கால்குலேட்டரை எடு. அடியைப் 10 சென்டிமீட்டர் இழு, 8.1. 289ல இருந்து அதோட வர்க்கத்தைக் கழிச்சு மூலம் எடுத்தா தலை 14.946ல நிக்கி. 5.4 சென்டிமீட்டர் இறங்கிருக்கு. அவ்வளவு வேண்டாம், ஒரே ஒரு சென்டிமீட்டர் இழு, 8.01. தலை 14.9947. இறங்கினது 0.53 சென்டிமீட்டர். இப்பம் 8ஐ 15 ஆல வகு. 0.533. என்னலே முழிக்கே? தள்ளி இருக்க தூரத்துக்கும் உசரத்துக்கும் என்ன விகிதமோ, இறங்குறதுக்கும் இழுக்குறதுக்கும் அதே விகிதம். உன் நோட்டுல −x/yன்னு இருக்கும் பாரு, அதான் இது. மைனஸ் போட்டது தலை கீழ வருதுன்னு சொல்லத்தான். நாலுக்கு ஒண்ணுன்னு ஏணி வச்சிருந்தா, அடி நாலு சென்டிமீட்டர் வழுக்கினாலும் தலை ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கும். மேல நிக்கவன் சுதாரிச்சுக்கிடலாம். வகையீடு கேள்விப்படாத கிழவனுங்க வச்ச அளவு அது.

இழுக்கது நொடிக்கு 5 மீட்டர், அதை 8/15 ஆல பெருக்கு. நொடிக்கு 8/3 மீட்டர். புத்தகம் அதோட விடாது. ஏணிக்கும் சுவத்துக்கும் தரைக்கும் நடுவுல இருக்க முக்கோணத்தோட பரப்பு என்ன வேகத்துல மாறுதுன்னும் கேக்கும். மேல இருந்தவன் என்ன ஆனான்னு ஒரு வார்த்தை கேக்காது. நீயும் கேக்காத, நொடிக்கு 26.83 சதுர மீட்டர்னு எழுதிட்டு அடுத்ததுக்குப் போ.

ஆனா வீட்டுல சும்மா இருக்கும்போது ஒண்ணு செஞ்சு பாரு. அடியை இழுத்துக்கிட்டே போ. 16.9 மீட்டர் வரும்போது தலையோட வேகம் நொடிக்கு 46 மீட்டர் ஆகும், மணிக்கு 165 கிலோமீட்டர். 16.99ல மணிக்கு 525. 16.999ல நொடிக்கு 461 மீட்டர், சத்தம் காத்துல போற வேகத்தைத் தாண்டிரும். அப்பம் ஏணி விழுற சத்தம் கேக்குறதுக்கு முன்னாடியே ஏணி விழுந்துரும்! நிசத்துல அப்படி எந்த ஏணியும் விழாது. அதுக்கு முன்னாடியே தலை சுவத்தை விட்டு விலகிரும், விலகினதும் அந்தச் சூத்திரத்துக்கும் ஏணிக்கும் சம்பந்தம் அத்துப் போச்சு. சுவத்தைத் தொட்டுக்கிட்டு இருக்க வரைக்கும்தான்னு கணக்குப் போட்டவன் உள்ளுக்குள்ள ஒரு சத்தியம் வாங்கி வச்சிருக்கான். கிணத்துக்குள்ள 180 பேரை இறக்கினவன் கேக்க மறந்ததும் அதே மாதிரி ஒரு சத்தியத்தைத்தான்.

பரீட்சையில இதையெல்லாம் எழுதிப்புடாத. படம் போடு, 8, 15, 17ன்னு பேரு வை, விடை எந்தப் பக்கம் வரும்னு மனசுக்குள்ள ஒரு கைப்பிடி அளவு வச்சுக்கோ, பிறகு சூத்திரத்துக்குப் போ. மீட்டர்/நொடின்னு அலகை எழுது, கீழ்நோக்கின்னு ஒரு வார்த்தை போடு. ஏணியை இழுத்தவன் எவன்னு மட்டும் விடைத்தாள்ல கேட்டு வைக்காத. திருத்துறவருக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு வந்தாலும் வரும், ஆனா சிரிப்புக்கு மார்க்கு போடுற கட்டம் அந்தத் தாள்ல கிடையாது.